சீரிஸ் 3-க்கு 200 டிடிஐ: சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. 88 இன்ச் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) லேண்ட் ரோவர் சீரிஸ் 3-ஐ மறுபடி காட்டுப் பாதைக்குக் கொண்டுபோகப் போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. எட்டு சிலிண்டர் வி8 பெட்ரோல் என்ஜின் போடவா, லேண்ட் ரோவர் டிஸ்கவரியில் இருந்து கழற்றிய 200 டிடிஐ டர்போ டீசல் என்ஜின் போடவா என்று கேட்டிருந்தாய். டிடிஐ போடு. 1979-ல் லேண்ட் ரோவர் கம்பெனியே 109 இன்ச் வண்டியில் 3.5 லிட்டர் வி8-ஐ வைத்தபோது அதை 91 குதிரைத்திறனுக்கு அடக்கி, கியர்பாக்ஸையும் மாற்றி ரேஞ்ச் ரோவரின் எல்டி95-ஐப் போட்டார்கள். செய்தவர்களே அவ்வளவு யோசித்த இடத்தில் நாமும் யோசிக்கத்தான் வேண்டும்.

டிடிஐ-யும் சாதுவில்லை. உன் 2286 சிசி பெட்ரோல் என்ஜின் தருவது சுமார் 160 நியூட்டன் மீட்டர் முறுக்கு. 2495 சிசி டிஸ்கவரி டிடிஐ 1800 ஆர்பிஎம்மிலேயே 265 தரும். அந்த மிச்சம் முழுக்கப் போய் விழுவது கியர்பாக்ஸ் மீதும் பின் ஆக்சில் ஷாஃப்ட் மீதும். சேற்றில் சக்கரம் சிக்கியிருக்கும்போது முதல் கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஷாஃப்ட் முறியும். அதனால் ஷாஃப்ட்டை இப்போதே கழற்றி ஸ்ப்ளைன் (முனையில் இருக்கும் பள்ள வரிகள்) முறுக்கியிருக்கிறதா என்று பார்த்துவிடு.

என்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், பின் மெயின் ஆயில் சீல் மூன்றையும் மாற்று. பழைய பெல்ட் நன்றாகத் தெரிகிறதே என்று நம்பாதே; அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும், புஷ் ராட் வளையும்.

கியர்பாக்ஸோடு இணைக்கும் இடம்தான் நிதானம் கேட்கும் வேலை. டிஸ்கவரியின் ஃப்ளைவீல் ஹவுசிங் சீரிஸ் பெல் ஹவுசிங்கோடு பெரும்பாலும் ஒத்துப்போகும், ஆனால் எல்லா ஸ்டட்டும் நேராக வராது. சிலவற்றுக்குத் துளை போட்டு த்ரெட் எடுக்க வேண்டும். கிராங்க் முனையில் இருந்து இன்புட் ஷாஃப்ட்டைத் தாங்கும் சிறு வளையமான ஸ்பிகாட் புஷ்ஷை மறந்துவிடாதே. சீரிஸ் இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கை மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்ற புஷ் போடு. தளர்வாக இருந்தால் ஷாஃப்ட் ஆடி புஷ்ஷைத் தின்னும். இறுக்கமாக இருந்தால் கிளட்ச் மிதித்தாலும் கியர் விழாமல் கரகரக்கும். கிளட்ச் பிளேட்டையும் முதலில் இன்புட் ஷாஃப்ட்டில் ஏற்றி வழுக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் பூட்டு.

டிஸ்கவரியில் டர்போ தாழ்வாக இருக்கும். எக்ஸாஸ்ட் பைப் சேஸிஸை ஒட்டித்தான் இறங்கும், அதற்குத் தனியாகவே பைப் வளைக்க வேண்டியிருக்கும். டிஃபெண்டரில் இருந்த 200 டிடிஐ கிடைத்தால் டர்போ மேலே இருக்கும், இந்தத் தலைவலி இல்லை. எந்த எஞ்சினானாலும் மவுண்ட்டை வெல்டிங் செய்வதற்கு முன் கியர்பாக்ஸோடு சேர்த்துத் தொங்கவிட்டு, முன் ஆக்சில் முழுதாக மேலே வரும்போது ஆக்சிலின் டிஃபும் (டிஃபரென்ஷியல்) என்ஜினின் சம்ப்பும் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்.

டீசல் என்பதால் டேங்குக்கு ஒரு ரிட்டர்ன் லைன் வேண்டும். டேங்க்கைக் கழுவிக் காயவைத்தபின் போடு. பழைய இக்னிஷன் காயிலுக்குப் போன ஒயரையே டீசல் பம்ப்பின் ஸ்டாப் சாலினாய்டுக்கு (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) கொடுக்கலாம், ஆனால் சாவி போட்டபோதும் ஸ்டார்ட்டர் சுழலும்போதும் அங்கே முழு 12 வோல்ட் வருகிறதா என்று அளந்து பார். வோல்ட் குறைந்தால் சாலினாய்டு திறக்காது. பம்ப்பில் பழுது என்று நினைத்து அதைக் கழற்றிக்கொண்டிருப்பாய். பெட்ரோல் கார்புரேட்டருக்கு இருந்த ஆக்சிலரேட்டர் ராட் உதவாது, கேபிள் போடு. ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கில் இருக்கும் இரண்டு கூலர் வாய்களை அடைத்துவிடாதே. கூலர் வைக்கவில்லை என்றால் இரண்டையும் நல்ல ஆயில் ஹோஸால் இணைத்துவிடு.

டர்போவில் இருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை விட்டுவிடலாமா என்று கேட்டாய். பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் பம்ப்பில் டீசல் அளவைக் குறைத்தாக வேண்டும், இல்லையென்றால் ஏற்றத்தில் எக்ஸாஸ்ட் சூடேறும். முன் பேனலை வெட்டி டிஸ்கவரி ரேடியேட்டரோடு சேர்த்து வைப்பதே என் விருப்பம்.

இனி கியர் விகிதம். 7.50-16 டயரில், 4.7 விகித டிஃப், 1.148 விகித டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் வைத்து டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகம் போனால் என்ஜின் 2900 ஆர்பிஎம் சுற்றும். டிஸ்கவரியின் 3.54 டிஃப் போட்டால் 2200-க்குக் கீழே வரும், சாலைக்கு அருமை. ஆனால் லோ ரேஞ்சும் (மெதுவாக ஊர்வதற்கான கியர் வரிசை) மூன்றில் ஒரு பங்கு வேகமாகிவிடும், செங்குத்து இறக்கத்தில் என்ஜின் பிடித்து நிறுத்தும் சுகம் போய்விடும். உன் வண்டி மலைக்குத்தானே? 4.7-ஐத் தொடாதே, சாலையில் என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவ் தேடு. மாற்றியே தீருவேன் என்றால் முன், பின் இரண்டிலும் ஒரே விகிதம் இருக்கட்டும். வேறுபட்டால் நாலு சக்கர ஓட்டத்தில் டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் முறுக்கிக்கொள்ளும்.

பிரேக்கை மட்டும் தள்ளிப்போடாதே. உன் 88-ல் இருக்கும் 10 இன்ச் டிரம் பழைய வேகத்துக்குப் போதும், இனிப் போதாது. 109-ன் 11 இன்ச் முன் டிரம்மை பேக் பிளேட், சிலிண்டரோடு எடுத்துப் போடு. வீல் சிலிண்டர் பெரிதாவதால் மாஸ்டர் சிலிண்டரையும் அதற்கேற்றதாக மாற்று, இல்லாவிட்டால் பெடல் தரைவரை போகும்.

ஸ்பிகாட் புஷ்ஷின் அளவை எடுத்ததும் எழுது. அதைப் பார்த்துவிட்டு ஃப்ளைவீல், கிளட்ச் கவர் பற்றி அடுத்த கடிதத்தில் பேசுவோம்.

அன்புடன்,
முரளி