அந்த வரியை டைப் அடித்தவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் ஆரம்பித்துவிட்டால் உங்கள் பத்திரிகையில் ஒரு தலைப்பு நிச்சயம் உண்டு. 'மக்களவையில் அமளி, கேள்வி நேரம் முடங்கியது.' கீழே பதாகை பிடித்த உறுப்பினர்களின் படம். அமளி நடந்தது, போட்டீர்கள், சரி. அமளி நடக்காத நாளில் அமைச்சர் எழுந்து என்ன சொன்னார் என்று தேடிப் பார்த்தால் உள்பக்கத்தில் மூன்றே மூன்று வரி, 'என்று அமைச்சர் பதிலளித்தார்' என்று முடிந்துவிடுகிறது. அது பதில்தானா என்று யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு என்னய்யா அதில் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். 'பி.கியூ. வந்திருக்கு' என்று ஒரு குரல் கேட்டால் போதும், டீ குடிக்கப் போனவர்களை ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். நாடாளுமன்றக் கேள்விக்கு அலுவலகங்களில் அதுதான் பெயர். பென்ஷன் கோப்பு, மருத்துவ பில், கருணை அடிப்படை வேலைக்கான மனு, எல்லாம் ஓரமாகப் போய்விடும். வேறு எதற்கும் அசையாத அலுவலகம் அதற்கு மட்டும் அசையும். அந்த வகையில் கேள்வி நேரத்துக்கு உள்ள பலத்தை நான் கண்ணால் பார்த்தவன்.

ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஃபேக்ஸ் வந்தது. வழக்கம்போல (அ), (ஆ), (இ), (ஈ) என்று நான்கு பிரிவாகக் கேள்வி. எத்தனை பணியிடம் காலி, எத்தனை வருஷமாகக் காலி, ஏன் காலி, நிரப்புவதற்கு என்ன செய்திருக்கிறீர்கள். மறுநாள் காலை பதினொரு மணிக்குள் மேலிடத்துக்குப் போயாக வேண்டும். எங்களுக்குக் கீழே ஆறு கிளைகள். நான்கிலிருந்து ராத்திரியே கணக்கு வந்துவிட்டது. ஒரு கிளையிலிருந்து 'நில்' என்று வந்தது, அதாவது அங்கே காலியிடமே இல்லையாம். அங்கே பாதி நாற்காலியில் ஆள் கிடையாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆறாவது கிளையில் போனை எடுக்கவே ஆள் இல்லை. போனை எடுக்க வேண்டியவர் இடமும் காலிதான் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டோம். கடைசியில் செக்‌ஷன் அதிகாரி, 'தகவல் திரட்டப்பட்டு வருகிறதுன்னு ஒரு வரி அடிச்சிருங்க, மேலே பாத்துக்குவாங்க' என்றார். அடித்தேன். கிளைக் கணக்குகளைக் கூடவே இணைத்துத்தான் அனுப்பினோம்.

மேலே பார்த்துக்கொண்டார்கள். சில நாள் கழித்து அமைச்சரின் பதில் பிரதி எங்களுக்கு வந்தது. '(அ) முதல் (ஈ) வரை: தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்.' அவ்வளவுதான் மொத்தப் பதிலும். நான் இங்கே அடித்த வரி டெல்லி வரை போய், நான்கு கேள்விகளையும் விழுங்கிவிட்டு அமைச்சர் வாயால் திரும்பி வந்தது. கையில் இருந்த நான்கு கிளைக் கணக்கையாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? ஏன் காலி என்பதற்குக் கணக்கே வேண்டாமே.

இந்த '(அ) முதல் (ஈ) வரை' என்பதுதான் பெரிய வித்தை. கேட்டவர் நான்கு தனிக் கேள்வி கேட்டிருப்பார், நான்கையும் ஒரே கயிற்றில் கட்டி ஒரே வரியில் தூக்கிப் போட்டுவிடலாம். இன்னொன்று, 'கேள்வி எழவில்லை'. (அ)வுக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டால் (ஆ), (இ) எல்லாம் தானாகவே 'எழவில்லை' ஆகிவிடும். இதில் தேர்ந்த கைகள் இருக்கிறார்கள், அவர்களிடம் நானும் தொழில் கற்றவன்தான், மறைக்கவில்லை.

இது ஏதோ எங்கள் அலுவலகத்துச் சங்கதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2020 செப்டம்பரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஊரடங்கில் ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மக்களவையில் கேட்டதற்கு, அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்துமூலம் பதில் சொன்னது. குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா என்பதற்கு? மேற்கண்ட பதிலைக் கருதி, கேள்வி எழவில்லை. அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அந்த வாசகத்தின் ஒவ்வொரு எழுத்தும் எனக்குப் பழக்கம். அதே வாரத்தில் மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சர் கொடுத்த பதிலில், அந்தத் தொழிலாளர்களுக்காக விட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாகக் கணக்கு இருந்தது. ஒரு அமைச்சகத்திடம் எண்ணே இல்லை, இன்னொன்றிடம் ஒரு பகுதிக்காவது எண் இருந்தது. கேள்வியை எந்த வாசலில் கொண்டு போய்க் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து பதில் மாறுகிறது பாருங்கள்.

அந்தக் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டி கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். எழுத்துமூலப் பதில்தான் வருகிறதே, அப்புறம் என்ன குறை என்று அப்போது சிலர் கேட்டார்கள். குறை என்ன என்று உள்ளே இருந்தவனைக் கேளுங்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230 வரை. குறியிடாததற்குத் தாளில் பதில், அத்தோடு முடிந்தது. நட்சத்திரம் போட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து நிற்க வேண்டும், கேட்டவர் இரண்டு துணைக் கேள்வி கேட்கலாம், சபாநாயகர் அனுமதித்தால் மற்றவர்களும் கேட்கலாம். அந்தத் துணைக் கேள்விதான் எங்களுக்கெல்லாம் சிம்மசொப்பனம். முதல் கேள்விக்கு உறுப்பினர் பதினைந்து நாள் முன்பே நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டும், அதற்கு யார் வேண்டுமானாலும் பதில் தயாரிக்கலாம். துணைக் கேள்வி என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு பக்கப் பதிலுக்கு முப்பது பக்கக் குறிப்பு போகும். இப்படிக் கேட்டால் இதைச் சொல்லுங்கள், அப்படிக் கேட்டால் அதைச் சொல்லுங்கள் என்று. அதிகாரிகள் அவையில் தங்களுக்குரிய இடத்தில் உட்கார்ந்து, தேவைப்பட்டால் சீட்டு எழுதி அமைச்சருக்கு அனுப்புவார்கள். விஷயம் தெரிந்த அமைச்சருக்கு அந்தச் சீட்டு வேண்டியிருக்காது. தெரியாதவர் சீட்டுக்காகத் திரும்பிப் பார்ப்பது தொலைக்காட்சியிலேயே தெரியும், கவனித்துப் பாருங்கள்.

அமளி நடந்தால் இந்தத் துணைக் கேள்விதான் பறிபோகிறது. எடுத்துக்கொள்ளப்படாத நட்சத்திரக் கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வைத்ததாகக் கணக்காகிவிடும், அமைச்சர் வாயே திறக்க வேண்டாம். எதிர்க்கட்சி நண்பர்கள் இதை யோசிக்கிறார்களா என்று தெரியவில்லை. பதாகை பிடித்தால் தொலைக்காட்சியில் வரலாம், ஆனால் அன்றைக்குத் தப்பித்துப் போகிறவர் அமைச்சர்தான். 2019 நவம்பரில் ஒரு நாள் 20 கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்பட்டன, 1972-க்குப் பிறகு இதுதான் முதல் முறை என்று அதுவே ஒரு செய்தியானது. தினசரி நடக்க வேண்டிய வேலை நடந்ததற்குச் செய்தி!

விடாமல் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்க்காரர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியே சாட்சி. எல்.ஐ.சி. தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகாத 1957-இல், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் அதன் பணம் ஒன்றேகால் கோடி ரூபாய் போல முதலீடு செய்யப்பட்டது. மக்களவையில் கேள்வி எழுந்தது, முதலில் வந்த பதில் யாரையும் திருப்திப்படுத்தவில்லை. பெரோஸ் காந்தி விடவில்லை. அவர் ஆளுங்கட்சி, பிரதமர் நேருவின் மருமகன் வேறு. டிசம்பரில் அவர் விவரங்களை அடுக்கிப் பேசினார். நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். டி.டி.கே. மேல் எனக்கு மரியாதை உண்டு, அது வேறு விஷயம். ஆளுங்கட்சிக்காரரே சொந்தக் கட்சி அமைச்சரை இப்படிக் கேட்ட காலம் ஒன்று இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். இப்போது ஆளுங்கட்சி உறுப்பினர் எழுந்தால் அரை நிமிஷம் பாராட்டு, அப்புறம்தான் கேள்வி. எந்தக் கட்சி ஆண்டாலும் இதில் மாற்றமில்லை.

சரி, என் ஆறாவது கிளைக்கு வருகிறேன். 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது', 'பரிசீலனையில் உள்ளது' என்று அமைச்சர் சொன்னால் அது சும்மா போய்விடாது. அதை வாக்குறுதி என்று குறித்துக்கொண்டு பின்தொடர்வதற்காகவே அரசு வாக்குறுதிகள் குழு என்று ஒன்று மக்களவையில் 1953 முதல் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். எங்கள் பதிலும் அந்தப் பட்டியலில் ஏறியது. ரிமைண்டர் வந்தது, அவகாசம் கேட்டோம். மறுபடி ரிமைண்டர், மறுபடி அவகாசம். நான் ஓய்வு பெற்ற அன்று, மூன்றாவது ரிமைண்டரோடு அந்தக் கோப்பு என் மேசையில்தான் இருந்தது. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த சீட்டுக்காரரிடம் ஒப்படைத்தேன்.

அதனால் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் தினம் ஒரே ஒரு கேள்வியை எடுத்து, அதற்கு அமைச்சர் சொன்ன பதிலோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு வரி விடாமல் முழுசாகப் போடுங்கள். கருத்தே எழுத வேண்டாம், படிக்கிறவர்களுக்குத் தானாகவே தெரியும். 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்று வந்தால் தேதியைக் குறித்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் என்ன ஆயிற்று என்று ஒரு பெட்டிச் செய்தி. இரு அவைகளின் கேள்வி பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் அன்றன்றே வந்துவிடுகின்றன, ஆனால் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழில் தர ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், நான் சும்மாதான் இருக்கிறேன். டைப் அடித்தே அனுப்பிவிடுகிறேன், இந்த முறை (அ), (ஆ), (இ), (ஈ) எல்லாவற்றுக்கும் தனித்தனியாக.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர்