நாலு நிமிடத்தில் நிற்கும் டிவி: உங்கள் நெட்வொர்க் ஸ்விட்ச் பற்றிப் புகார்

அனுப்புநர்:
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்,
தனியார் தங்கும் விடுதி, மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஸ்விட்சில் குவெரியர் (யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அவ்வப்போது கேட்கும்) வசதி இல்லாதது குறித்து.

ஐயா / அம்மா,

எங்கள் அறைகளில் டிவி சேனல்கள் நெட்வொர்க் வழியாக மல்டிகாஸ்ட்டாக, அதாவது ஒரே ஸ்ட்ரீம் கேட்கும் எல்லோருக்கும் போகும் முறையில், வருகின்றன. அதற்காகத்தான் உங்கள் 24 போர்ட் ஸ்விட்சுகளை வாங்கினோம். விளம்பரத் தாளில் 'ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் உண்டு' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கேட்ட போர்ட்டுக்கு மட்டும் ஸ்ட்ரீமை அனுப்பும் வசதி அது.

மாட்டிய நாள் முதல் ஒரே தொல்லை. சேனல் வைத்தால் நன்றாக ஓடும். நாலு நிமிடம் சொச்சத்தில் படம் அப்படியே நின்றுவிடும். வேறு சேனலுக்குப் போய்த் திரும்பினால் மறுபடி நாலு நிமிடம் ஓடும். கிரிக்கெட் நடக்கும் நேரத்தில் விருந்தினர்களுக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

உங்கள் உதவி மையத்தில் டிவியில்தான் கோளாறு என்றார்கள். கோளாறு அங்கே இல்லை. சேனல் மாற்றும்போது டிவி 'இந்தக் குரூப் (சேனலின் ஸ்ட்ரீம்) எனக்கு வேண்டும்' என்று ஐஜிஎம்பி செய்தி அனுப்புகிறது. ஸ்விட்ச் அதை ஒட்டுக்கேட்டு, எந்த போர்ட்டுக்கு எந்த ஸ்ட்ரீம் என்று குறித்துக்கொள்கிறது. இதுவரை சரி. அப்புறம் 'இன்னும் யார் பார்க்கிறீர்கள்?' என்று ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் குவெரியர் 125 விநாடிக்கு ஒருமுறை கேட்பதுதான் 1997-இல் வந்த ஐஜிஎம்பி இரண்டாம் பதிப்பின் இயல்பு அளவு. கேள்வி வரவில்லை என்றால் டிவியும் பதில் சொல்லாது. 260 விநாடியில் ஸ்விட்ச் குறிப்பை அழித்துவிடுகிறது. எங்கள் நாலு நிமிடம் சொச்சம் இதுதான். நெட்வொர்க் செய்திகளைப் பதிவு செய்யும் வயர்ஷார்க் மென்பொருளில் பிடித்த பதிவை இணைத்திருக்கிறேன். அதில் ஒரு குவெரிகூட (கேள்விகூட) இல்லை.

எங்கள் இணைய ரவுட்டர் மல்டிகாஸ்ட் பக்கமே போகாது. ஆகவே ஸ்விட்ச்தான் குவெரியராக இருக்க வேண்டும். உங்கள் மெனுவில் ஸ்னூப்பிங் இருக்கிறது, குவெரியர் இல்லை.

உங்கள் பொறியாளர் சொன்ன வழி, ஸ்னூப்பிங்கை அணைத்துவிடுவது. அணைத்தால் ஸ்விட்ச் எல்லா ஸ்ட்ரீமையும் எல்லா போர்ட்டிலும் கொட்டுகிறது. முப்பது சேனல், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 எம்பிபிஎஸ், மொத்தம் 150. டிவிகளின் போர்ட்டோ 100 எம்பிபிஎஸ்தான்! வைஃபை இன்னும் மோசம். மல்டிகாஸ்ட்டை மிகக் குறைந்த வேகத்தில் அனுப்புவதால் விருந்தினர் இணையம் படுத்துவிடுகிறது. குரூப்களை போர்ட்டுகளில் கையால் எழுதி வைக்கலாம் என்றும் யோசனை வந்தது. எந்த அறையில் எந்தச் சேனல் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் எழுதினால் அணைத்து வைத்ததற்குச் சமம்.

பதினைந்து நாளுக்குள் குவெரியர் உள்ள ஃபர்ம்வேர் (ஸ்விட்சின் உள் மென்பொருள்) தாருங்கள். முடியாது என்றால் ஸ்விட்சுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுங்கள். விளம்பரத் தாளில் 'குவெரியர் இல்லை' என்றும் சேர்த்துவிடுங்கள். பதில் எழுத்தில் வேண்டும், போனில் வேண்டாம்.

இணைப்பு: பில் நகல், நெட்வொர்க் பதிவு.

இப்படிக்கு,
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்