சிவப்புக் கோட்டுக்குக் கீழே: ஆசிரியர் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக ஆசிரியர் தேர்வுக் குழுக்களில் அமரும் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் கணிதம் கற்பிக்கிறவன். சென்ற ஆண்டு உங்களைப் போன்ற ஒரு குழுவுக்குப் பாட வல்லுநராகப் போயிருந்தேன். உதவிப் பேராசிரியர் பணி. கணிதம், இயற்பியல், உயிர்வேதியியல் மூன்றுக்கும் ஒரே எக்செல் தாள். எச்-இண்டெக்ஸ்படி, அதாவது ஒருவருடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதிலிருந்து கணக்கிடும் எண்படி, மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தார்கள். பத்துக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. கணிதத்துக்கு விண்ணப்பித்த ஆறு பேரில் ஐந்து பேர் கோட்டுக்குக் கீழே போய்விட்டார்கள். நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. (என்னுடையது 9. நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.)

அந்த ஐவரில் ஒருவருடைய கட்டுரையை நான் முன்பே படித்திருந்தேன். ஒற்றை ஆசிரியர், 31 பக்கம், மூன்றாண்டு உழைப்பு. சைட்டேஷன், அதாவது பிறர் காட்டிய மேற்கோள், ஏழு. எங்கள் துறையில் அது நல்ல எண்ணிக்கை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். "கட்-ஆஃப் எல்லாருக்கும் பொதுதானே சார்" என்றார்கள்.

பொதுவா? எச்-இண்டெக்ஸைக் கொடுத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், 2005-இல். ஒருவருடைய கட்டுரைகளில் பத்து கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் எண் பத்து, அவ்வளவுதான் கணக்கு. உயிர் அறிவியல்காரர்களுக்கு இந்த எண் இயல்பாகவே கூடுதலாக வரும் என்று அந்தக் கட்டுரையிலேயே அவர் எழுதிவைத்தார். 2020-இல், இது மோசமான பக்கவிளைவுகளைத் தரக்கூடும் என்றும் அவரே ஒப்புக்கொண்டார். நாம் அளவுகோலை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

புரத அளவைக் கண்டறிய ஒரு முறையைச் சொன்ன லௌரி குழுவின் 1951 கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள் பெற்றது. அந்த முறையைக் கையாண்ட ஆய்வகங்கள் அத்தனை. ஹிக்ஸ் துகளின் நிறை பற்றிய 2015 கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும். அதில் ஒரு பெயருக்குச் சேரும் சைட்டேஷனையும் தனியாளாக ஒரு தேற்றத்தை நிறுவியவரின் சைட்டேஷனையும் ஒரே வரிசையில் அடுக்குவது, தங்கத்தையும் தவிட்டையும் ஒரே மரக்காலில் அளப்பது மாதிரி. எது தங்கம் என்று நான் சொல்லவில்லை.

நமக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் இருந்த ஜி.என். ராமச்சந்திரன். 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்துக்கு மூன்று இழை அமைப்பை முன்வைத்தார். 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடன் சேர்ந்து, இன்று ராமச்சந்திரன் வரைபடம் என்று சொல்லப்படும் அந்த வரைபடம். ஒரு சதுரம், இரு பக்கமும் புரதச் சங்கிலி முறுக்கும் கோணங்கள், −180 முதல் 180 பாகை வரை. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அதில் ஒரு புள்ளி. புள்ளிகள் சில தீவுகளில்தான் கூடும். தீவுக்கு வெளியே விழுந்த புள்ளியைக் கண்டால் ஆய்வாளர் தன் கணக்கைத் திரும்பப் பார்ப்பார். இன்றைக்கும் புரத அமைப்புகளை அப்படித்தான் சரிபார்க்கிறார்கள். வரைபடத்தின் பெயரைச் சொல்வார்கள். 1963 கட்டுரையைப் பலர் பட்டியலில் சேர்ப்பதில்லை. அவ்வளவு பழகிவிட்டது. தோசைக்கு மேற்கோள் யார் காட்டுகிறார்கள்?

1971-இல் லட்சுமிநாராயணனுடன் வேறொரு துறைக்குள் நுழைந்தார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே பதிவுகளிலிருந்து உள்ளுருவத்தை மீட்க, ஃபூரியர் உருமாற்றம் (பதிவை அலைகளாகப் பிரிக்கும் கணக்கு) வழியாகச் சுற்றிப் போகாமல், கன்வல்யூஷன் (எடையிட்டுக் கூட்டும் கணக்கு) வழியாக நேராகக் கணக்கிடும் முறை. சி.டி. ஸ்கேனுக்கு அடித்தளமிட்ட கணக்குகளில் அதுவும் ஒன்று.

இந்த மூன்று கட்டுரைகளோடு அவர் ஓய்ந்திருந்தால் எச்-இண்டெக்ஸ் 3. லட்சம் பேர் மேற்கோள் காட்டினாலும் 3-தான். உங்கள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே.

எண்ணே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. முந்நூறு விண்ணப்பம் குவிந்தால் எங்கேயோ வடிகட்டத்தான் வேண்டும். கணிதக்காரரைக் கணிதக்காரரோடு வையுங்கள். அதே துறையில், அதே அனுபவ ஆண்டுகளில். எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். மேற்கோள்களை எண்ணித் தரும் தளங்களில், கூகுள் ஸ்காலரில் ஒன்று வரும், ஸ்கோபஸில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாக வரும். விண்ணப்பதாரரிடம் அவருடைய மிகச் சிறந்த மூன்று கட்டுரைகளைக் கேளுங்கள். குழுவில் ஒருவராவது அவற்றைப் படித்துவிட்டு வரட்டும்.

அடுத்த சுற்று ஜூனில் என்று கேள்விப்பட்டேன். அழைத்தால் வருகிறேன். கட்டுரைகளை ஒரு வாரம் முன்பாக அனுப்பிவையுங்கள். எக்செல் தாளை அன்றைக்குக் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்