வெளிநாட்டுத் தன்னார்வப் பணிக்குக் கிளம்பும் பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கு

வணக்கம் நண்பர்களே. மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக வெளிநாடு போக நினைப்பவர்கள், அங்கே சிகிச்சை தரத் தற்காலிகப் பதிவு வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். விசா மட்டும் போதாது.

அப்புறம், நாம் இருக்கப்போவது சில வாரங்கள்தான். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைத் தினமும் தூக்கி, உட்காரவைத்து, ஊட்டுவது வீட்டில் இருப்பவர்கள். நாம் செய்துகாட்டியதோடு நிறுத்தாமல் அவர்கள் கையால் செய்யவையுங்கள். சுருட்டிய துண்டை இடுப்புக்கு இருபுறமும் அணைத்து வைத்தாலே சில பிள்ளைகள் நிமிர்ந்து, இரண்டு கையாலும் பொம்மையைப் பிடித்துவிடும். அதை அம்மா கண்ணால் பார்க்க வேண்டும்.

வளைபாதத்துக்கு (பிறவியிலேயே பாதம் உள்பக்கம் வளைந்திருப்பது) பொன்செட்டி முறையில், அதாவது பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மாவுக்கட்டு போட்டு முடிந்தாலும், பாதத்தை நேராகப் பிடித்து வைக்கும் பிரேஸை முதல் 3 மாதம் ஏறக்குறைய நாள் முழுக்கவும், பிறகு சுமார் 4 வயது வரை தூங்கும்போதும் போட வேண்டும். விட்டால் பாதம் மறுபடி வளைய வாய்ப்பு அதிகம். தொடர்ந்து கவனிக்க உள்ளூரில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

போகிறவர்கள் தேதியை இங்கே பதிவிடுங்கள்.