நாசரேத்திலிருந்து நாசரேத்துக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நாங்கள் ரெண்டு பேரும் சுகம். நீயும் அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் வந்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அவர் காதில் விழக் கூடாத ஒரு சங்கதி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் அதுவரை எனக்குப் பொறுக்காது. அந்தக் கிடாரின் விலை எனக்குத் தெரிந்துவிட்டது.

நாற்பதாயிரம் என்றாயே, ஏலேய்!

பாளையங்கோட்டை அண்ணாச்சிதான் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. காப்பி டம்ளரை அடுப்படியில் வைக்க வந்தவர், "தங்கச்சி, ஒம்ம மகன் தங்கமான பிள்ளை. மூவாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து அப்பனுக்கு வாங்கியிருக்கானே" என்று மெச்சிவிட்டுப் போனார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டுக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் ரெண்டரை லட்சத்தைத் தாண்டுகிறது. மாடித் தளம் போட நாம் வாங்கின கடன் அதைவிடக் குறைவு. அன்றைக்குச் சோறு குழைந்துபோனதற்கு நீதான் காரணம்.

திட்டுவதற்காக எழுதவில்லை. திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த ஒரு வருஷத்தில் இந்த வீட்டில் நடந்த கூத்தையெல்லாம் நினைத்துப் பார்த்ததில் வேகம் குறைந்துவிட்டது. அதை எழுதுகிறேன், வாசி.

போன டிசம்பரில் நீ அந்தப் பெட்டியைத் திறந்ததும் உன் அப்பா கிடாரை எடுக்கவில்லை, நினைவிருக்கிறதா? போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து வைத்தார். அப்புறம்தான் தொட்டார். தடித்த கம்பி ஒன்றை மட்டும் ஒருமுறை தட்டினார். ரேக்கில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று கூடவே முனகியது. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை, எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட இல்லை.

நீ விமானம் ஏறின பிறகுதான் கிடாரின் நடுக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே நடுக்கட்டையில் கம்பெனிப் பெயரும் அதன் கீழே நம் ஊர்ப் பெயரே, நாசரேத் என்று, முத்திரை குத்தியிருந்தது. அவ்வளவுதான், தெருவையே கூட்டிவிட்டார். மார்ட்டின் கம்பெனி 1833இல் நியூயார்க்கில் தொடங்கினது, ஜெர்மனியிலிருந்து வந்த அந்த மனுஷர் நகரம் பிடிக்காமல் 1839இல் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குக் குடிபோனார், அன்றிலிருந்து இன்றுவரை கம்பெனி அங்கேதான் என்று நீ சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒப்பித்தார். யார் காதில் அது ஏறுகிறது? கோவிலில் பக்கத்து வரிசைப் பாட்டி, "நம்ம ஊர் ஆர்ட் இண்டஸ்ட்ரியல் ஸ்கூல்ல செஞ்சதா?" என்று கேட்டாள். சபை ஐயரோ, "பெத்லகேமில் குடியிருக்கிற பிள்ளை நாசரேத்துக்குப் போய்ப் பொருள் வாங்கி நாசரேத்துக்கே அனுப்பியிருக்கிறான்" என்று பிரசங்கத்துக்கு நடுவில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டார். நீ இருக்கிற பென்சில்வேனியா பெத்லகேமும் அந்த நாசரேத்தும் மொரேவிய சபைக் கிறிஸ்தவர்கள் 1740களில் உண்டாக்கினவை என்று அப்பா எழுந்து நின்று விளக்கம் சொல்லாததுதான் பாக்கி.

சரி, அது முதல் மாசம். அதற்கப்புறம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

இந்த மாதிரி பழைய மாடலைப் புதுசாய்ச் செய்த கிடார் வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. பாளையங்கோட்டை அண்ணாச்சியிடம் 1942இல் வந்த கிப்சன் ஜே-45ஐப் பார்த்துப் புதுசாய்ச் செய்தது இருக்கிறது, மகள் துபாயிலிருந்து கொண்டு வந்தாளாம். மெஞ்ஞானபுரத்துப் பாடகர் குழுத் தம்பி ஒருத்தன், எபிஃபோன் டெக்சன் 1964 மாடலின் மறுபதிப்பு வைத்திருக்கிறான். தவணையில் வாங்கினது. பீட்டில்ஸ்காரர் பால் மெக்கார்ட்னி வைத்திருந்தது அந்த மாடல்தான் என்று சொல்லும்போது அவன் குரலே மாறிவிடும். தூத்துக்குடியிலிருந்து ஒரு டாக்டர் வருவார். அவரிடம் கிடாரே இல்லை, வாங்குவதைப் பற்றிப் பேச மட்டும் வருவார். மூன்று வருஷமாய் யோசிக்கிறாராம். எல்லாரிலும் அதிகம் தெரிந்தவர் அவர்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் செந்தூர் வண்டியில் இறங்கி நேரே நம் திண்ணைக்கு வருவார்கள். வாசிப்பார்கள் என்றா நினைக்கிறாய்? முகர்வார்கள். பெட்டியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு, ஆகா என்பார்கள். தர்பூசணி வாங்குகிற மாதிரி விரல் முட்டியால் மரத்தைத் தட்டிக் காதை வைப்பார்கள். அப்புறம் கம்பிச் சண்டை. எண்பது பங்கு செம்பும் இருபது பங்கு துத்தநாகமும் கலந்த 80/20 வெண்கலக் கம்பிதான் அந்தக் காலத்துச் சத்தம் என்று அண்ணாச்சி, பாஸ்பரஸ் சேர்த்த வெண்கலமான பாஸ்பர் பிரான்ஸ்தான் நீடித்து உழைக்கும் என்று உன் அப்பா. போன மாசம் இதில் ரெண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அண்ணாச்சியே ஒரு செட் கம்பி வாங்கி வந்து, தானே மாட்டி, தன் கட்சியை நிரூபித்தார். உன் அப்பா, "பரவாயில்லை" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிசு.

புதுசாய் வரும்போதே கீறலும் தேய்மானமும் வைத்துப் பழசு போல ஆக்கி, அதற்குக் கூடுதல் விலை வாங்குகிற மாடலும் அந்தக் கம்பெனியில் உண்டு என்று டாக்டர் சொன்னபோது மட்டும் நான் குறுக்கே பேசினேன். அப்படியானால் நம் வீட்டு இட்லிப் பானையை அனுப்பி வைக்கிறேன், என்ன தருவார்கள் என்று கேட்டேன். நாலு பேரில் மெஞ்ஞானபுரத்துத் தம்பி ஒருத்தன்தான் சிரித்தான்.

பெட்டிக்குள் ஈரப்பதம் பார்க்கிற சின்னக் கடிகாரம் ஒன்று வைத்து அனுப்பினாயே, அதனால்தான் எனக்குக் கஷ்டம். நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில் முள் நிற்க வேண்டுமாம். சித்திரை வெயிலில் அது கீழே போனால் மரம் சுருங்கி வெடிக்கும், ஐப்பசி மழையில் மேலே போனால் பலகை உப்பிக் கம்பி தூக்கிக்கொள்ளும். உனக்கு ஜுரம் வந்த நாளில்கூட இந்த மனுஷர் தெர்மாமீட்டரை இத்தனை தடவை பார்த்ததில்லை. வாசிக்க வாசிக்க மரம் திறந்துகொண்டு சத்தம் மெருகேறும் என்று வேறு இவர்களுக்கு ஒரு நம்பிக்கை. வெளியூர் போகிற நாளில் கிடாருக்கு முன்னால் ரேடியோவை வைத்துவிட்டுப் போக வேண்டும், அதன் அதிர்விலேயே அது பழகுமாம். நான் ஒருநாள் வெற்றிலை வாங்கிவிட்டுத் திரும்பி வந்து பார்க்கிறேன், பூட்டின வீட்டுக்குள் உன் கிடார் தன்னந்தனியாய் உட்கார்ந்து திருநெல்வேலி வானொலியில் வாழைக்கு உரமிடுவது பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் பார்த்தும் நான் அதைத் தொடவில்லை. ஆடி மாசம் ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போதுதான் தொட்டேன். காற்று புழுதியை வாரி அடித்தது, பெட்டி மேல் மண். துடைக்கப் போனவள் திறந்துவிட்டேன். அந்த வாசனை, லாக்கரும் மரத்தூளும் கலந்தது, உன் அப்பாவுக்குத்தான் கிடார் வாசனை. எனக்கு அது உன் தாத்தாவின் பட்டறை. மிஷனரி மர்காஷிஸ் ஐயர் 1878இல் ஆரம்பித்த அந்த ஆர்ட் இண்டஸ்ட்ரியல் ஸ்கூலில் தச்சு படித்தவர் அவர் என்பது உனக்குத் தெரியும். அவர் மடியில் மரச்சுருளோடு வளர்ந்தவள் நான். மரம் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

திருப்பிப் போட்டுப் பின்பலகையைப் பார்த்தேன். ஈட்டி! ரோஸ்வுட் ரோஸ்வுட் என்று இந்த நாலு பேரும் ஏதோ கண்காணாத சங்கதி போலப் பேசினார்களே, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நிற்கிற ஈட்டி மரம். ஊதா ஓடின காப்பிக்கொட்டை நிறம், வைரம் பாய்ந்தது, வெள்ளை ஒரு இழை கிடையாது. ரெண்டு பலகையும் ஒரே கட்டையை அறுத்துப் புத்தகம் போல விரித்து ஒட்டினவை, ரேகைக்கு ரேகை பொருந்துகிறது. முன்பு பிரேசில் மரத்தில்தான் செய்தார்களாம். அது கிடைப்பது அரிதானதும் 1969 வாக்கில் இந்திய ஈட்டிக்கு மாறினார்கள் என்று பிறகு அப்பா சொன்னார். இந்த மரத்துக்கும் 2017இல் உலக வர்த்தகக் கட்டுப்பாடு வந்து, செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 கடைசியில்தான் விலக்குக் கொடுத்தார்களாம். எந்த மலையில் நின்ற மரமோ, கப்பலேறி அந்த நாசரேத்துக்குப் போய், உன் தோளில் தொங்கி இந்த நாசரேத்துக்கு வந்திருக்கிறது.

அப்பாவின் மீசை திருத்துகிற கண்ணாடியைக் குழிக்குள் விட்டு, போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தேன். மேல்பலகைக்கு அடியில் ரெண்டு கட்டை பெருக்கல் குறி போலக் குறுக்கே ஓடுகிறது, ஓட்டு வீட்டுக் கைமரம் மாதிரி. மற்றச் சின்னக் கட்டைகள் அதிலிருந்து பிரிகின்றன. கட்டையை நேராய் விடவில்லை. துணி காயப்போடுகிற கொடிக்கயிறு தொய்வது போல நடுவில் குழித்துச் செதுக்கியிருக்கிறார்கள். எங்கே பாரம் தாங்க வேண்டுமோ அங்கே உயரம், எங்கே பலகை துள்ள வேண்டுமோ அங்கே மெலிவு. பார்த்ததும் புரிந்துவிட்டது. யாரோ கை நிதானம் உள்ளவன் யோசித்த வேலை. உன் தாத்தா பார்த்திருந்தால் "ம்" என்றிருப்பார். அதற்கு மேல் அவர் யாரையும் மெச்சினதில்லை.

அந்த நேரம் பார்த்து உன் அப்பா எழுந்து வந்துவிட்டார். கிடாரும் கண்ணாடியுமாய் நான் மாட்டிக்கொண்டேன். கோபிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னார். ஜனங்கள் கனத்த கம்பி போட ஆரம்பித்ததும் பலகை வளைகிறது என்று 1944இல் இந்தக் குழிவை நிறுத்திவிட்டார்களாம். ஓரத்தில் ஓடுகிற அந்தக் கறுப்பு வெள்ளைப் பின்னலையும் 1947இல் விட்டுவிட்டார்களாம். அப்புறம் பழைய கிடார்களைத் தேடி ஜனம் அலைய, விலை ஏற, 1976இல் ரெண்டையும் திருப்பிக் கொண்டுவந்ததுதான் இந்த எச்டி-28. உன் அப்பா அப்போது பள்ளிக்கூடப் பையன். டி என்பது ட்ரெட்நாட் என்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயராம், எச் என்பது அந்தப் பின்னல், ஹெர்ரிங் மீனின் முள்ளாம். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். சாளை மீனை வகுந்து நடுமுள்ளை உருவிப் பார், அச்சு அசல் அதுதான்.

இப்போது சனிக்கிழமைகளில் என்னையும் திண்ணைக்குக் கூப்பிடுகிறார்கள். 1937 மாடலை அப்படியே நகலெடுத்துச் செய்கிறதில் விலங்குத் தோலில் காய்ச்சின பசை போடுகிறார்கள், அதனால்தான் அந்தச் சத்தம் என்று டாக்டர் ஒருநாள் பெரிய ரகசியம் போலச் சொன்னார். அது வச்சிரம் டாக்டர், எங்கள் பட்டறையில் தினம் காய்ச்சுவோம், அந்த நாற்றத்துக்கு நாய்கூட வாசலில் நிற்காது என்றேன். அவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பக்குவமாய்க் காய்ச்சினால் கண்ணாடி போல் இறுகும், சூடு காட்டினால் விட்டுவிடும், அதனால் பிற்காலத்தில் பிரித்து வேலை செய்யலாம் என்று நான் சொல்லச் சொல்ல நாலு பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். சத்தத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவர்களிடம் அதைக் கேட்கவில்லை, பாவம்.

கோவிலில் வாசிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். சபையார் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகையன்று வாசித்தார். அவருடைய பழைய கல்கத்தா கிடாரில் கீர்த்தனை வாசித்தால் ஹார்மோனியத்துக்குக் கீழே அமுங்கிப்போகும், கம்பி வேலி போல விரலை வேறு அறுக்கும். கேரல் போன ராத்திரியில் அதில் கம்பி மாட்டுகிற பிரிட்ஜ் கழன்று விழுந்து நான்தான் ஃபெவிகால் போட்டு ஒட்டினேன், நினைவிருக்கிறதா? இதற்கு மைக் வைக்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சுப் பலகை வழியாய் முதுகில் வந்தது.

பெல்ட் கொக்கி பட்டுக் கீறுமென்று இப்போது பேன்ட் போடுவதையே விட்டுவிட்டார். கோவிலுக்கும் வேட்டிதான்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் நான் வாய் திறக்க மாட்டேன், நீயும் திறக்காதே. ஆனால் ஒன்று கேள். போன வாரம் சபை ஐயர் என்ன விலை என்று கேட்டதற்கு, "முப்பதாயிரம் இருக்கும் ஐயரே" என்றார் உன் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல். நீ என்னிடம் சொன்னதிலும் பத்தாயிரம் குறைத்து! அண்ணாச்சியோடு வாரா வாரம் உட்காருகிறவருக்குத் தெரியாமலா இருக்கும்?

கிறிஸ்துமஸுக்கு வரும்போது அந்த 80/20 கம்பி, லைட் செட், நாலு வாங்கி வா. பாஸ்பர் பிரான்ஸ் வேண்டாம், அண்ணாச்சி கட்சிதான் சரி. நான் சொன்னேன் என்று அப்பாவிடம் சொல்லாதே. முதலூர் மஸ்கோத் அல்வா சொல்லி வைத்திருக்கிறேன். தாத்தாவின் சின்ன உளி ரெண்டு பரணில் கிடக்கிறது, சாணை பிடித்து வைத்திருக்கிறேன். மெஞ்ஞானபுரத்துத் தம்பியின் கிடாரில் உள்ளே ஒரு கட்டை லேசாய் விட்டிருக்கிறது, என்னிடம் கொடுக்கப் பயப்படுகிறான். நீ வந்து அவனிடம் ஒரு வார்த்தை சொல்.

அன்புடன்,
அம்மா