புளூட்டோ நீக்கப்பட்டதற்குத் தவறான காரணம்: சூரியக் குடும்ப மாதிரித் தொகுப்பு குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கையேட்டிலும் வினா அட்டையிலும் உள்ள பிழை – இரண்டாவது கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த மாதம் என் மகளுக்காக வாங்கிய தங்கள் தொகுப்பின் கையேட்டில், புளூட்டோ மிகச் சிறியதாக இருப்பதால் கோள்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது என்று அச்சாகியிருக்கிறது. இது தவறு என்று எழுதியதற்கு, தொகுப்பில் எட்டுக் கோள்களே இருப்பதால் பிழை ஏதுமில்லை எனப் பதில் அனுப்பியிருக்கிறீர்கள். எண்ணிக்கையில் நான் குறை காணவில்லை; தாங்கள் சொல்லும் காரணமே தவறு.

2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் சர்வதேச வானியல் ஒன்றியம் நிறைவேற்றிய தீர்மானத்தில், கோளுக்கு இத்தனை கிலோமீட்டர் விட்டம் வேண்டும் என்ற வரம்பே கிடையாது. அதன்படி, ஒரு கோள் சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பினாலேயே ஏறக்குறைய உருண்டையாகும் அளவுக்கு நிறை கொண்டிருக்க வேண்டும். தன் சுற்றுப்பாதையை ஒட்டிய பகுதியிலிருந்து பிற பொருள்களை அகற்றியிருக்க வேண்டும். முதல் இரண்டிலும் தேறிவிடும் புளூட்டோ, நெப்டியூனுக்கு அப்பாலுள்ள கைப்பர் பட்டை என்ற பகுதியில் எண்ணற்ற பனிப்பொருள்களுக்கு நடுவே சுற்றிவருவதால் மூன்றாவதில் தவறுகிறது. வியாழனின் பாதையிலும் ஆயிரக்கணக்கான சிறுகோள்கள் உண்டே என்று தாங்கள் கேட்கலாம். அவை வியாழனின் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டு, அதற்கு முன்னும் பின்னுமாகச் செல்பவை. புளூட்டோவோ, நெப்டியூன் மூன்று முறை சூரியனைச் சுற்றும் காலத்தில் இரண்டு முறை சுற்றும்படி, தானே இன்னொரு கோளின் பிடியில் இருக்கிறது. மூன்றாவது நிபந்தனையின் சொற்கள் தெளிவாக இல்லை என்று வானியலாளர்களிலேயே சிலர் வாதிடுகிறார்கள், எனக்கும் அதில் முழுத் திருப்தி இல்லை என்பது வேறு விஷயம்.

தங்கள் கையேட்டின் அட்டவணையே தங்கள் விளக்கத்தை மறுக்கிறது. வியாழனின் நிலவான கானிமீடின் விட்டம் 5,268 கிலோமீட்டர் என்றும், புதனின் விட்டம் 4,879 கிலோமீட்டர் என்றும் அதில் உள்ளது. "ஒரு நிலவைவிடச் சிறிய புதனை மட்டும் ஏன் நீக்கவில்லை?" என்று என் மகள் கேட்டாள். 2005இல் அறிவிக்கப்பட்டு இந்த விவாதத்தையே முடுக்கிவிட்ட, ஏறக்குறைய புளூட்டோ அளவே உள்ள எரிஸ் என்ற குறுங்கோள் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

கேள்வியோடு நின்றிருந்தால் நான் மறுபடியும் எழுதியிருக்க மாட்டேன். வினா அட்டையில் "பாதையில் மற்றவையும் இருப்பதால்" என்ற சரியான விடையை அவள் தேர்ந்தெடுத்தாள். தங்கள் விடைத்தாள் அதைத் தவறு என்கிறது.

எனவே, திருத்திய பக்கத்தையும் வினா அட்டையையும், எனக்கு மட்டுமின்றி இத்தொகுப்பை வாங்கிய அனைவருக்கும் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதெனில், தொகுப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்