கிறிஸ்துமஸ் கச்சேரி நம் ஊரிலேயே நடக்கட்டும்: பாடகர் குழுச் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பாடகர் குழுத் தலைவர் அவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நிதிக் கச்சேரியைச் சுங்கை சிப்புட்டில் வைக்காமல், ஈப்போவில் ஒரு ஹோட்டல் மண்டபத்துக்கு மாற்றலாமா என்று பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். விருந்தோடு சேர்த்து மேசைக்கு இவ்வளவு என்று டிக்கெட் விற்றால், இங்கே உறையில் சேரும் பணத்தைப்போலப் பல மடங்கு கிடைக்கும் என்கிறார்களாம். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

நான் கிறிஸ்தவன் அல்ல. மாரியம்மன் கோவிலுக்குப் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருப்பவன். உங்கள் கச்சேரியில் சேரும் பணம் எந்த வேலைக்குப் போகிறதோ, அந்த வேலையைச் செய்பவர்களில் ஒருவன். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய், முடிந்ததும் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுகிறோம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

டயாலிசிஸ் என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிறுநீரகம் கெட்டுப்போவதற்கு மலேசியாவில் முதல் காரணம் இனிப்புநீர், அதாவது நீரிழிவு. நம் சொந்தபந்தத்தில் அது யாரை விட்டுவைத்திருக்கிறது? வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். வருடத்துக்கு 156 தடவை. தீபாவளியும் கிறிஸ்துமஸும் அதற்கு விடுமுறை நாள் அல்ல. சிகிச்சைச் செலவுக்கு உதவி கேட்க இன்று சில கதவுகள் இருக்கின்றன. சந்தா கட்டித் தகுதி உள்ளவர்களுக்குச் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது. அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு அரசு செலவழிக்கிறது. அறவாரியங்கள் நடத்தும் மையங்களில் கட்டணம் குறைவு. ஆனால் மையத்துக்குப் போய் வருவது யார் பொறுப்பு? ஈப்போவில் இடம் கிடைத்தவருக்கு, போக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், வர முப்பது. வாரத்துக்கு மூன்று நாள் என்றால் 180 கிலோமீட்டர். சிகிச்சை முடிந்ததும் பலருக்கு ரத்த அழுத்தம் இறங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவும் முடியாது. மகன் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும், இல்லையென்றால் டாக்சி. இந்த ஓட்டைக்குத்தான் உங்கள் பாட்டுப் பணம் அடைப்பாக இருக்கிறது. பெட்ரோல், டயர், ஓட்டுநர் படி என்று எல்லாம் அதில்தான் ஓடுகிறது.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளவயதிலிருந்து பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது, லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வந்து இங்கே மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் குடியேறினார். சென்ற ஆண்டுக் கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஊசி ஏற்றுவதற்காக அறுவை செய்து ரத்தக் குழாயை இணைத்த இடது கை, கயிறுபோலப் புடைத்திருந்தது. யாரும் தெரியாமல் இடித்துவிடக்கூடாது என்று அந்தக் கையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டிருந்தார். இடைவேளையில் எல்லோருக்கும் சிரப் தண்ணீர் கொடுத்தீர்கள். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று கணக்கு. அதனால் கோப்பையை வாங்கி, தண்ணீரைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, அடியில் கிடந்த ஐஸ் கட்டி ஒன்றை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் நீங்கள் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றை ஆர்மோனியம், தபேலாவோடு எடுத்தபோது, வலது கையால் நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டே முழுப் பாட்டையும் கூடவே பாடினார். அவரும் கோவிலுக்குப் போகிறவர்தான். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாடக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் ஆகியிருக்கிறது.

ஹோட்டலுக்கு அவர் வருவாரா? டிக்கெட்டை நீங்கள் இலவசமாகவே கொடுத்தாலும் வர மாட்டார். வாரத்தில் மூன்று நாள் ஈப்போ ரோட்டில் போய் வந்த உடம்பு, நான்காவது தடவையும் அதே ரோட்டில், அதுவும் ராத்திரியில் போகாது. யாருக்காகப் பாடுகிறோமோ அவர்கள் கேட்க முடியாத இடத்தில் பாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வசூல் கணக்கையும் பார்ப்போம். மேசை விலை பெரிதாகத் தெரியும். அதில் சாப்பாட்டுக்கு, மண்டபத்துக்கு, மேடை விளக்குக்கு, உங்களையும் கருவிகளையும் ஏற்றிப் போகும் பஸ்ஸுக்குப் போனது போக மிச்சம் எவ்வளவு என்று முதலில் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். மேசைகள் விற்காமல் போனால் மண்டபத்துக்குக் கட்டிய முன்பணத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். இங்கே நாற்காலியும் கிடாரமும் கோவிலிலிருந்து வருகின்றன. கோவில் திருவிழா அன்னதானத்துக்கு உங்கள் குழுப் பெண்கள் வந்து காய் நறுக்குகிறார்கள், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் முறுக்கு சுடுகிறார்கள். இதற்கெல்லாம் ரசீது கிடையாது. ஆனால் வசூலில் செலவுக்கென்று கை வைக்காமல் இருக்க முடிவது இதனால்தான்.

உறைகளைப் பிரித்து எண்ணும்போது நானும் கூட இருந்தேன். ஐந்து வெள்ளி (ரிங்கிட்), பத்து வெள்ளி, நான்காய் மடித்த ஒரு வெள்ளித் தாள்கள். சில உறைகளின் மேல் ‘அப்பா நினைவாக’ என்று எழுதி, கீழே தோட்டத்தின் பெயரும் அதில் எந்த டிவிஷன் (பிரிவு) என்பதும் போட்டிருந்தார்கள். அந்த டிவிஷனில் இன்று ஒரு தமிழ்க் குடும்பம்கூட இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான் இருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பெயரில் கொடுப்பதற்கு ஆள் இருக்கிறார்கள். இப்படிக் கொடுப்பது நம் ஊருக்குப் புதிது அல்ல. நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன், பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாளிகளிடம் மாதாமாதம் சிறு தொகையாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தப் பாட்டாளிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று உங்களுக்கு உறை கொடுக்கிறார்கள். ஐந்து வெள்ளியைச் சின்னத் தொகை என்று யார் சொன்னாலும் எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கும்.

இந்த வருடம் மேற்கத்திய இசையமைப்பாளர் ஹாண்டலின் ‘மெசாயா’விலிருந்து அல்லேலூயா கோரஸ் பயிற்சி எடுக்கிறீர்கள் என்று கேள்வி. மகிழ்ச்சி. அந்த இசைப் படைப்பு முதன்முதலில் 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் அரங்கேறியபோது, வசூலான பணம், கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களுக்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் போனது. கூட்டம் அதிகமாகும் என்பதால், பெண்கள் வளையம் வைத்த அகலப் பாவாடை இல்லாமலும், ஆண்கள் இடுப்பு வாள் இல்லாமலும் வரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். இன்னும் நிறையப் பேர் நெருங்கி உட்கார வேண்டும் என்பதுதான் நோக்கம். நம் மண்டபத்தில் இடம் போதவில்லை என்பது உங்கள் இன்னொரு காரணம். அதற்கும் வழி இருக்கிறது. வெளியே கூடாரம் போட்டு ஒலிபெருக்கி வையுங்கள். டிசம்பரில் சாயங்கால மழை வரும், அதனால் கூடாரம் எப்படியும் தேவை. முன்வரிசைகளை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் விட்டுவிட்டு, எங்களைப் போன்றவர்கள் நின்றுகொண்டே கேட்கிறோம்.

ஈப்போவில் உள்ள நல்ல மனிதர்கள் கொடுக்க விரும்புவதையும் நான் தடுக்கவில்லை. பெரிய தொகை தருபவர்கள் வருமான வரிக் கழிவுக்கு ரசீது கேட்பார்கள். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புதான் அந்த ரசீதைத் தர முடியும். உங்கள் குழுவுக்கு அந்த அங்கீகாரம் இல்லை. அப்படிப்பட்டவர்களை, அங்கீகாரம் உள்ள சிறுநீரக அறவாரியத்துக்கே நேராகக் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு ஹோட்டல் தேவையில்லை, ஒரு கடிதம் போதும்.

இன்னும் இரண்டு வேண்டுகோள் உண்டு. வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்டு போகும்போது உண்டியல் கொண்டு போவதாக இருந்தால், போலீஸ் பெர்மிட்டுக்கு இப்போதே மனு கொடுத்துவிடுங்கள். வீடு வீடாகவும் தெருவிலும் வசூல் செய்ய 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அது வேண்டும். கடைசி நேரத்தில் ஓடினால் கிடைக்காது. அப்புறம், கணக்கைத் தேவாலயப் பலகையோடு நிறுத்தாமல் கோவில் பலகையிலும் தமிழ்ப்பள்ளியிலும் ஒட்டுங்கள். கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் தேவாலயத்துக்குள் வராதவர்கள். எத்தனை பேரை எத்தனை தடவை ஏற்றிப் போனோம் என்ற விவரத்தை எங்கள் பக்கத்திலிருந்து எழுதித் தருகிறோம்.

பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹோட்டல் விருந்து என்றால் சாப்பாட்டுச் சத்தத்துக்கு நடுவே ஆங்கிலப் பாட்டுகள்தான் எடுபடும் என்று உங்களில் சிலரே சொல்லிக் கேட்டேன். அல்லேலூயா கோரஸும் வேண்டும், கீர்த்தனையும் வேண்டும். இரண்டையும் சாப்பாட்டுத் தட்டு இல்லாமல் காது கொடுத்துக் கேட்கிற கூட்டம் இங்கே இருக்கிறது.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் இதைப் பேசி முடிவு செய்யுங்கள். நம் ஊரில்தான் என்று நீங்கள் சொன்ன மறுநாளே நாற்காலிகளுக்கும் கூடாரத்துக்கும் கோவில் நிர்வாகத்திடம் நான் பேசுகிறேன். ஏற்றி வர லாரியும் ஏற்பாடு செய்துவிடுகிறேன். கச்சேரித் தேதியை மட்டும் சீக்கிரம் சொல்லுங்கள். அன்று டயாலிசிஸ் உள்ளவர்களுக்குக் காலை நேரத்துக்கு மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வேன் ஓட்டுநர்களில் ஒருவன்
சுங்கை சிப்புட், பேராக்